வாக்கியத்தில் அமைத்து எழுதுக

சனிக்கிழமை வகுப்பு. பம்பலப்பிட்டி, மூன்றாம் மாடி,
ஒரு மின்விசிறிக்குப் பதினாறு பேர்.
பெர்னடெட் மிஸ் பலகையில் எழுதினா:
பிளே அலோங்.
விளையாட்டு இல்லை, என்றா முதலில்.
நம்பாததை நம்புகிற மாதிரி,
உடன்படாததற்கு உடன்படுகிற மாதிரி,
காரியம் முடியுமட்டும்.

கொப்பி ஓரத்தில் தமிழைத் தேடினேன்.
ஒத்தூதுதல். அதில் கொஞ்சம் வால் ஆடுகிறது.
தலையாட்டுதல். அது மாட்டுக்கும் வரும்.
நடித்தல் என்றால் மேடை வேண்டும்,
பார்க்க நாலு பேர் வேண்டும்.
மூன்றையும் வெட்டினேன்.
வீட்டு வேலை: ஒரு வாக்கியம், சொந்த அனுபவத்திலிருந்து.

காலி வீதியில் மழை.
ஓட்டோ ஒன்று நின்றது.
பேரம் சிங்களத்தில், முந்நூற்றைம்பதுக்கு முடிந்தது.
ஊர் எது நங்கி, என்றான்.
குருநாகல், என்றேன் வழக்கம்போல.
நானும் அந்தப் பக்கந்தான், இப்பாகமுவ.
இந்தமுறை வயல் எப்படி என்று கேட்டும் வைத்தேன்.
பரவாயில்லையாம்.
நான் காணாத வயலில்
அவன் விதைக்காத நெல்
நன்றாகவே விளைந்திருந்தது.

கால்வாய்ப் பாலத்தில் அவனுடைய போன் அடித்தது.
'ஓமம்மா. சாப்பிட்டன்.
குளிசை போட்டனீங்களோ?
ரெண்டு நாளில காசு போடுறன்.'
வடமராட்சி. சந்தேகமே இல்லை,
அந்த 'ஓம்' அவ்வளவு நீளம்.

வைத்தான்.
கண்ணாடித் துடைப்பான் நாலு தரம் போய் வந்தது.
பிறகு பின்பக்கக் கண்ணாடியில் என் நெற்றியைப் பார்த்தான்.
கதிரேசன் கோயில் திருநீறு.
லேஞ்சியால் துடைத்தும்
புருவத்தோரம் மிஞ்சியிருக்க வேண்டும்.
எப்போது கண்டான்?
குருநாகலுக்கு முன்னமா, பின்னமா?

ஒரு சொல் போதும்.
தம்பி என்றாலே போதும்.

இராமகிருஷ்ண வீதி முடக்கில்
'தகுணட்டத?' என்றான்.
'ஒவ், தகுணட்ட' என்றேன்.
என் உச்சரிப்பு அன்றைக்குப் போல் என்றைக்கும் திருத்தமாய் வந்ததில்லை.

நானூறு கொடுத்தேன்.
மிச்சம் வேண்டாம் என்று சொல்ல
எனக்கு இரண்டு மொழி இருந்தது.
கையால் காட்டினேன்.
அவனும் தலையை மட்டும் சரித்தான்.

இரவு கொப்பியை விரித்தேன்.
'ஐ' என்று தொடங்கிய வாக்கியம்
வினைச்சொல்லுக்குப் போகுமுன்னரே பிழைத்தது.
வெட்டிவிட்டு 'வீ' என்று போட்டேன்.
நாங்களா, நாமா என்று
ஆங்கிலம் கேட்பதில்லை.
நல்லதாய்ப் போயிற்று.