முப்பதாவது இடம்

களியக்காவிளையில் பஸ்ஸை விட்டு இறங்கி
ரப்பர் தோட்டங்களின் வழியே
முக்கால் மணிநேர நடை.
ஞாயிறு பூசை முடிந்து
ஆட்கள் கலைந்த பிறகுதான் போவேன்.
ஜெபிக்க அல்ல, அண்ணாந்து பார்க்க.

மார்த்தாண்டத்தில் பல் செட் செய்கிறவன் நான்.
நாள் முழுக்கப் பிறர் வாயின் அச்சை ஏந்தி
அண்ணத்தின் வளைவைக் கட்டைவிரலால் தடவுகிறவனுக்கு
விடுமுறையிலும் வளைவுதான் வேண்டியிருக்கிறது.

இந்த மாதா கோயிலின் வாசல் அரைவட்டம்.
கூர்ப்பு இல்லை, ஒயில் இல்லை,
எருமை முதுகாய்க் கனத்த கல்.
சுவரின் தடிமனுக்குள்ளேயே
இரண்டு எட்டு நடந்தால்தான் உள்ளே.
எந்தத் தேசத்துப் பாதிரியார்
காகிதத்தில் வரைந்து கொடுத்தாரோ,
கொத்தியவர்களுக்குக் கைப்பழக்கம் மண்டபம்.
தூணின் தலையில் வாழைப்பூவைத் தொங்கவிட்டு
அதன் மேல்தான் வளைவை ஏற்றியிருக்கிறார்கள்.

உள்ளே ஜன்னல்கள் ஒரு முழ அகலம்.
வெளிச்சம் சுவரைக் கடந்து வருவதற்குள்
களைத்துப்போகிறது.
கடைசி பெஞ்சில் யாரோ மறந்த பூப்போட்ட குடை.
பீடத்தருகே ஓடிக்கொண்டே இருக்கும் மின்விசிறி,
ஒருவருக்கும் இல்லாமல்.

மீண்டும் வாசலுக்கு வந்தேன்.
வளைவைச் சுற்றிக் கல்லில் ஒரு பல் வரிசை,
மேலும் கீழுமாய், ஈர்வாளை மடக்கி வைத்ததுபோல.
எண்ணினேன். இருபத்தொன்பது.
எட்டாவது சற்றே உள்வாங்கியிருக்கிறது.
பதினாறும் பதினேழும் நெருக்கியடிக்கின்றன.
கடைசி மூன்றும் வேறு கை,
இளைய கை, அவசரக் கை.
முப்பதாவது இடத்தில் வெறுங்கல்.
உளிக்கோடு மட்டும் இழுத்து விட்டிருக்கிறது.

"இது என்ன ஆச்சு?"
கப்பியார் றாபேல் சாவிக்கொத்தை மடியில் செருகினார்.
"சோறு திங்கப் போயிருப்பான். பின்ன வரல்ல."

சுற்றி நடந்தேன், எட்டுக்களை எண்ணியபடி.
தெற்குச் சுவர் நாற்பத்தொன்று.
பீடத்தின் முதுகுப்பக்கம் திரும்பியதும்
சட்டைப்பையில் போன் அதிர்ந்தது:
கேரளம் உங்களை வரவேற்கிறது.
வடக்குச் சுவரில் பாதி வந்ததும்
தமிழ்நாடு வரவேற்றது.
பாசிக்கு இரண்டு பக்கமும் ஒரே பச்சை.
கல்லறைத் தோட்டம் அந்தப் பக்கம்.
ஞானஸ்நானம் இங்கே, அடக்கம் அங்கே.
"பெட்டியத் தூக்கிட்டுப் போவும்ப
செக்போஸ்ட்ல ஒண்ணும் கேக்கமாட்டினுமா?"
"கோழி லாரியத்தான் கேப்பினும்."

மழை பிடித்தது.
வாசல் கல்லின் தடிமனுக்குள் ஒதுங்கினோம்.
அவர் சிரித்தபோது மேல்வரிசையில் நான்கு பல்.
என் கை தானாகவே அளவெடுத்தது.
"கடைக்கு வாருங்க, செட் வச்சுத் தாறேன்."
"வரலாம். ரொம்ப நெரையா வைக்கப்பிடாது கேட்டியளா.
எனக்க வாயின்னு எனக்குத் தோணணும்."

வந்தால் பார்க்கலாம்.

புதன்கிழமை இரவு, ஓய்வுபெற்ற
தலைமையாசிரியை ஒருவருக்காக
மெழுகில் பற்களைப் பதித்துக்கொண்டிருந்தேன்.
பதினான்கும் நூல் பிடித்தாற்போல்.
வெகுநேரம் பார்த்தேன்.
பிறகு கத்தி முனையைச் சூடாக்கி
எட்டாவதை ஒரு மயிரிழை உள்ளே தள்ளினேன்.
பதின்மூன்றாவதைத் தொடுமுன்
பெலிசிட்டா சோறு திங்கக் கூப்பிட்டாள்.

விளக்கை அணைக்காமல் எழுந்து போனேன்.