இதழ் ஒட்டாத வரி

அந்தேரியில் மூன்றாம் மாடி,
கதவுக்கு உள்ளே இன்னொரு கதவு.
பதினாறு வருடமாக அங்கேதான்
அடுத்தவர் உதட்டுக்குத் தமிழ் தைக்கிறேன்.

இந்தித் தொடரில் அவள் ‘பஸ்’ என்கிறாள்,
வண்டி இல்லை, போதும் என்று அர்த்தம்.
‘போதும்’ எழுதினால் முதல் எழுத்து பொருந்தும்,
கடைசி ம்-முக்கு அவள் வாய் திறந்தே கிடக்கும்.
வெட்டி, ‘போ’ என்று வைத்தேன்.
கணவன் எழுந்து போனான். நல்லவேளை,
கதையிலும் அவன் போகத்தான் இருந்தான்.
‘பர்ஃபெக்ட் மேடம்’ என்றான் நிலேஷ்,
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

முன்பு கவிதை எழுதினேன்.
இரண்டு பத்திரிகை, ஒரு கேடயம்.
கேடயத்தில் சௌதாமினிக்குக் கால் ஒன்று குறைவு.
அதற்குப் பிறகுதான் அவர் வந்தார்.
யாரென்று தெரியாது. பேனாவைத் திறந்தாலே
முதுகுக்குப் பின்னால் தொண்டையைச் செருமுவார்.
‘போன மாதம் வேறொருத்தி எழுதியதுதானே’ என்பார்.
‘முடிவு இன்னும் கொஞ்சம் பளிச்சென்று’ என்பார்.
அவருக்குப் பிடிக்கும்படி ஒன்பது எழுதினேன்.
எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை.
பேனாவை மூடிவிட்டு
சம்பளம் தரும் வாய்களிடம் வந்து சேர்ந்தேன்.

நேற்று மழை.
மாஹிமுக்கும் கிங்ஸ் சர்க்கிளுக்கும் நடுவே
ஹார்பர் வண்டி நின்றது.
மின்விசிறி நின்றது. பேச்சு கூடியது.
ஈரக் குடைகள், யாரோ உரித்த ஆரஞ்சு.
வெளியே தண்டவாளம்
கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது.

கைப்பையில் காட்சி பதினாலு. பின்பக்கம் வெள்ளை.
எதற்கென்று இல்லை,
யாப்பு வகுப்பில் கேட்ட ஒரு விளையாட்டு ஞாபகம் வந்தது.
ப கூடாது, ம கூடாது, வ கூடாது,
உதடு குவியும் உ, ஒ கூடக் கூடாது.
இதழகல் என்று பேர்.

உதடு ஒட்டும் இடம் தேடியே பழகியவள்
ஒட்டாத இடம் தேடினேன்.
‘மழை’ முதல் எழுத்திலேயே போயிற்று.
‘வெள்ளம்’ போயிற்று.
‘மும்பை’ எழுத்துக்கு எழுத்து போயிற்று.
அம்மா போனாள், அப்பா போனார்,
அக்கா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.
‘நான்’ தங்கியது. ‘நீ’யும் தங்கியது.
‘கவிதை’ என்ற சொல்லே தேறவில்லை.
அப்பாடா என்றிருந்தது.

விரலால் உதட்டைத் தொட்டுத் தொட்டு
முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.
ஜெபம் என்று நினைத்த எதிர் சீட்டுக்காரி
பையை மடிக்கு எடுத்து இடம் விட்டாள்.

முக்கால் மணி நேரத்தில் தேறியது இவ்வளவுதான்:

        ரயில் நிற்க நிற்க
        தனக்கே சிரிக்கிற தண்ணீர்

சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை.
இன்னொரு தரம் சொன்னேன், தேவையே இல்லாமல்.
செருமல் வருமே என்று திரும்பினால்
ஜன்னல் கம்பி, கம்பியில் துளிகள்.
அவர் ஏறவில்லை போல.
பெண்கள் பெட்டி.

‘தமிழா?’ என்று குனிந்தாள் பக்கத்தில் நின்றவள்.
‘பேசுவேன், படிக்கத் தெரியாது. என்ன எழுதுறே?’
‘சாமான் லிஸ்ட்.’
‘ரெண்டே வரியா?’
‘ஆமா.’
‘கொத்தமல்லி போட்டுக்கோ.
இந்த மழைக்கு நாளைக்கு வெலை ஏறிடும்.’

போட்டுக்கொண்டேன், மூன்றாம் வரியாக.
கொ குவிகிறது. ம ஒட்டுகிறது.
அடிக்கவில்லை.
வண்டி நகர்ந்தபோது
மூன்று வரியையும் சேர்த்துப் படித்தேன்.
சிரிப்பு வந்தது, எனக்கே.

இன்று காலை நிலேஷ் கேட்டான், காட்சி பதினாலு எங்கே?
நனைந்துவிட்டது என்றேன்.
இரண்டு நாளில் இரண்டாவது பொய்.
பிரிண்டர் முனகி இன்னொரு பிரதி தந்தது.
வாங்கித் திருப்பிப் பார்த்தேன்.
அதற்கும் பின்பக்கம் வெள்ளை.