நாலு புள்ளி ஆறு

நாற்பத்தேழாம் எண் பஸ்
பழைய ரப்பர் ஆலை வாசல்வரைதான் வரும்.
அங்கேயே பெருமூச்சு விட்டுப்
பட்டணத்துக்குத் திரும்பிவிடும்.
அதற்கப்பால் மூன்றாம் டிவிசனுக்கு
நாலு புள்ளி ஆறு கிலோமீட்டர்.
நான்தான் அளந்தேன்,
சன்னாசியின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து
அவன் தோளுக்கு மேலே மீட்டரைப் பார்த்துப் பார்த்து.

கம்பெனி கேட்டது மூன்றே கேள்வி:
எவ்வளவு செலவு, எத்தனை பேர், எங்கே திருப்புவது.

செலவு சுலபம்.
போய்வர டீசல் பத்து வெள்ளிச் சொச்சம்,
ஓட்டுநரின் இருபத்தெட்டு நிமிடம்,
செம்மண்ணில் தேயும் டயருக்குத் தனி வரி.
பாலத்துப் பலகை எட்டு டன் என்கிறது.
பஸ் காலியாகவே ஒன்பது.
செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள்
பலகையை வாசிக்காமலே போய்வருகின்றன.
அதை எந்தப் பத்தியில் எழுதுவதென்று தெரியவில்லை.
விட்டுவிட்டேன்.

எத்தனை பேர் என்பதற்கு
விடிகாலை ஐந்தரைக்குப் போய் நின்றேன்.
பஸ் வராத இடத்தில்
பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களை எண்ணச் சொல்லியிருந்தார்கள்.
பூஜ்யம் என்று எழுதினேன்.
நேர்மையாகத்தான் எழுதினேன்.

ஒட்டுக்கடை அஞ்சலைதேவி
தாளை எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.
"அடுப்பே மூட்டாத வீட்டு வாசல்ல நின்னு
பந்திக்கு ஆளே வரலன்னு எழுதுறீங்களே."
தேநீரை வைத்துவிட்டு விரல் மடக்கினாள்:
கையுறை ஆலைக்கு இரவு வேலை போகும் நாலு பெண்கள்,
வேனுக்கு ஆளுக்கு மாதம் நூற்றிருபது வெள்ளி.
வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கப் போகும் வீரபத்திரன்,
வாடகைக் கார் முப்பது வெள்ளி, ஒவ்வொரு முறையும்.
மழைநாளில் பள்ளிக்கே போகாத இரண்டு பிள்ளைகள்.
"அப்புறம் பங்களாப் பையன்க பதினாறு பேரு.
அவனுங்கள எந்தக் கணக்குலயும் யாரும் கேக்க மாட்டாங்க.
சம்பள ஞாயிறு பசாருக்கு
நடந்தே போறானுங்க."

பூஜ்யத்தை அடித்தேன்.
அடித்த இடத்தில் தாள் கிழிந்தது.

எங்கே திருப்புவது?
பதினோரு மீட்டர் பஸ்ஸுக்கு
லயத்து முனையில் இருப்பது ஒரே பந்துத் திடல்.
கோல் கம்பம் இடிக்கும்.
கிளப் செயலாளர் ஜெகதாம்பரன் முகம் கொடுக்கவில்லை:
"அறுபத்தெட்டுலேருந்து நிக்கிற கம்பம்."
மறுவாரம் போனால்
கம்பம் ஆறு எட்டு உள்ளே தள்ளி நின்றது.
அடியில் சிமெண்ட் இன்னும் ஈரம்.
யார் நட்டதென்று
யாருக்கும் தெரியவில்லை, ஜெகதாம்பரன் உட்பட.
அவர் காற்சட்டை முழங்காலில் மட்டும்
சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு.

கம்பெனியின் பதில் அரைப் பக்கம்:
தினமும் கட்டுப்படியாகாது.
செவ்வாய், வியாழன், சனி. இரண்டு நடை.
மூன்று மாதம் சோதனை.
நடைக்கு எட்டுப் பேருக்குக் குறைந்தால் நிறுத்தம்.

வீரபத்திரனுக்குத் திங்கள், புதன், வெள்ளி.
நாளை மாற்றித் தரச் சொல்லி
மையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.
அங்கேயும் வரிசை.

முதல் செவ்வாய், காலை நடை.
திடலில் ஒரே வளைவில் திரும்பி நின்றது பஸ்.
படியருகே நின்று எண்ணினேன்.
ஏழு.
சன்னாசி வாட்சைப் பார்த்தான், நான் பாதையைப் பார்த்தேன்.

அஞ்சலைதேவி அடுப்பை அணைத்துவிட்டு
ஈரக் கையோடு வந்து ஏறினாள்.
"எங்கே போறீங்க?"
"ஆலை வரைக்கும் போய்ட்டு வரேன்,"
சில்லறையை எண்ணிக்கொண்டே சொன்னாள்,
"எழுதிக்குங்க. எட்டு."