பின்தட்டு

எண்பத்துநான்கு என்று எழுதியிருந்தான் தௌனோ,
வரைபடத்தில் இருக்கை வரும் இடத்தில்.
அவன் எடை அது. பனிக்காலணியோடு நிறுத்தது.
விசிறி பின்னால், ஆள் முன்னால்,
அப்படியொரு விமானம்.
ஆளின் கனம்தான் மூக்கைத் தாழ்த்திப் பிடிக்கும்.

மூன்று குளிர்காலம்
படகுக் கொட்டகையில் ஸ்ப்ரூஸ் மரம் இழைத்தான்.
இறக்கை விலா ஒன்றில் பதினொரு கிராம் குறைந்ததும்
சமையலறைத் தராசைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்,
முதல் மீன் பிடித்த பையனைப் போல.
பெயின்டே வேண்டாம் என்றான். நான்கு கிலோவாம்.

பிறகு தாம்பரேயில்
அவன் வயிற்றில் கத்தி வைத்தார்கள்.
மே மாதம் அறுபத்தொன்று.
"இப்போ நான் ஏறினா வால் கனக்கும்."
மருத்துவர் சொன்ன எல்லாவற்றையும்விட
அதுதான் அவனைக் கலக்கியது.

மூக்கில் ஈயம் கட்டலாமே என்றேன்.
முறைத்தான்.
இரவெல்லாம் ரப்பர் தூள், புது அம்புக்குறிகள்.
ஆறு கிலோ பேட்டரி
இன்ஜினுக்குப் பின்னாலிருந்து கிளம்பி
அவன் கால்விரல்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்தது.
கணக்கு சரி.

பேட்டரி இருந்த தட்டு மட்டும்
பழைய இடத்திலேயே இருக்கிறது,
நான்கு திருகாணியோடு, வெறுமனே.
ஏன் கழற்றவில்லை என்று நான் கேட்கவில்லை.
அவன் தூங்கிய பிறகு
டார்ச்சும் தராசுமாகப் போய்
கழற்றி நிறுத்துப் பார்த்தேன்.
முந்நூற்று நாற்பது கிராம்.

நான்கு திருகாணியையும்
திரும்ப இறுக்கிவிட்டு வந்து
படுத்துக்கொண்டேன்.