அரை குறை

பகலெல்லாம் குளிரைக் காவல் காப்பவன் நான்.
தங்கச்சிமடம் ஐஸ் கம்பெனியில்
உப்புத்தண்ணீர்த் தொட்டியை
மைனஸ் எட்டில் பிடித்து நிறுத்த வேண்டும்.
ஏழானால் முதலாளி முகம் மாறும்,
ஆறானால் விசைப்படகுக்காரர் வாய் மாறும்.
செத்த மீனுக்கு அவ்வளவு கணக்கு.

வீட்டில் நூறு லிட்டர் கண்ணாடித் தொட்டி.
ஆறு டிஸ்கஸ்,
சாஸர் தட்டை நிமிர்த்தி வைத்த மாதிரி.
தண்ணீர் இருபத்தெட்டுக்குக் கீழே போனால்
மூலையில் கறுத்துப்போய் நிற்கும்,
சாப்பிடாது.

இந்த வெக்கையில் எவனாவது
ஹீட்டர் வாங்குவானா என்று சிரித்தார்கள்.
மார்கழி வாடை
தகர ஷீட்டின் ஆணி ஓட்டைவழி இறங்கி
விடிகாலை மூன்று மணிக்குத் தொட்டியை
இருபத்துமூன்றுக்குக் கொண்டுவருவதை
அவர்கள் எழுந்து பார்த்ததில்லை.

முதலில் வாங்கியது முந்நூறு வாட்ஸ்.
விலை மலிவு, பெட்டி மேல் பெரிய மீன் படம்.
பெரிசாக இருந்தால் நல்லது என்று நினைத்தேன்.
பதினொரு நாள் ஒழுங்காக ஓடியது.
பன்னிரண்டாம் இரவு
உள்ளே தகடு ஒட்டிக்கொண்டது.
காலையில் மூடியைத் திறந்த ஜெரோசா
என்னை எழுப்பாமல்
கையை மட்டும் தண்ணீரில் விட்டுப் பார்த்திருக்கிறாள்.
"பிள்ளையக் குளிப்பாட்டுற பதம்," என்றாள்
நான் வந்து நின்றபோது.
ஐந்து மிதந்தன.
ஒன்று மட்டும் ஃபில்டர் தண்ணீர் விழுகிற இடத்தில்
வாயைத் திறந்து திறந்து.

கெடுவதிலும் இரண்டு கெடுதல்.
அணைந்து கெடுவது ஓர் இரவு தவணை தரும்.
எரிந்து கெடுவது தராது.
கம்பெனியில் கம்ப்ரசர் ஏன் இரண்டு என்று
இருபது வருஷமாகத் தெரிந்தவன்தான்
வீட்டுக்கு ஒன்றை வாங்கி வந்திருந்தேன்.

ராமநாதபுரம் கேணிக்கரை,
சீனி இபுராம்சா கடை.
"நூறு லிட்டருக்கு முந்நூறா?
என்ன, சோறு வடிக்கவா?"
ஐம்பதில் இரண்டு கேட்டேன்.
ஒன்று ஒட்டிக்கொண்டாலும்
அதனால் மட்டும் கொல்ல முடியாது;
ஒன்று செத்தாலும் மற்றது விடியும்வரை இழுக்கும்.
பிளக்கின் கால்களை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.
எங்கள் காற்றுக்கு
ஆறு மாதத்தில் பித்தளை பச்சை பூக்கும்.

நேராகத் தொட்டியில் போடவில்லை.
இரண்டு வாளி, ஏழு இரவு.
கம்பெனி தெர்மாமீட்டரைத் துண்டில் சுற்றி
சட்டைப் பையில் கொண்டுவந்தேன்.
இரண்டு குமிழையும் இருபத்தெட்டில் வைத்தேன்.
முதல் வாளி: இருபத்தொன்பது, இருபத்தாறு,
முப்பத்தொன்று, இருபத்தெட்டு,
சம்பளநாள் இரவில் வீடு திரும்புகிறவன் நடை.
இரண்டாம் வாளி: முப்பது.
மறுநாளும் முப்பது.
மழை பெய்த நாளும் முப்பது.

முதல் வாளிக்காரனை பஸ் ஏறித் திருப்பிக் கொடுத்தேன்.
"ஒருநாள் சரியாத்தானே காட்டிருக்கு,"
என்றார் இபுராம்சா.
அந்த ஒருநாள்தான் பயம் என்றேன்.
மற்றது சொல்வது பொய்தான்,
ஆனால் தினமும் அதே பொய்,
கூடவும் இல்லை குறையவும் இல்லை;
அதோடு குடும்பம் நடத்தலாம்.
இதை வீட்டில் சொன்னபோது
அரிசி களைந்துகொண்டிருந்த ஜெரோசா சிரித்தாள்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.

மாற்றித் தந்ததையும் வாளியில் போட்டேன்.
அது அரை டிகிரி கூட்டிச் சொல்கிற வகை,
ஏழு நாளும் அரைதான்.
பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் எழுதினேன்,
ஒன்றில் 'இரண்டு குறை',
ஒன்றில் 'அரை குறை'.
"போயும் போயும்
அரைகுறைய நம்பியா வாங்கியாந்தீக?"
தண்ணீர் மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கு,
காய்ந்த கண்ணாடி தெறிக்கும் என்று
மூன்றாவதாக ஒரு பிளாஸ்திரி.
அது அவளுக்கு.
பிறகு யோசித்து
என் பக்கமாகவே திருப்பி ஒட்டினேன்.

தொட்டியில் இன்னும் அந்த ஒன்றுதான்.
கறுப்பு விட்டு நீலம் தெரியத் தொடங்கியிருக்கிறது,
செவுள் ஓரமாக.

நேற்றும் மூன்று மணிக்கு விழித்தேன்.
இருட்டில் இரண்டு சிவப்புப் புள்ளிகள்.
எரிகிறதா என்று பார்க்க எழவில்லை,
அணைகிறதா என்று.
ஒன்று அணைந்தது.
மற்றதற்காக நின்றேன்.
காலடியில் சிமெண்டுத் தரை
கம்பெனி போலக் குளிர்ந்து கிடந்தது.