ஆகாயத்தாமரை

கூட வந்தவர்கள் எரிமலை பார்க்கப் போய்விட்டார்கள்.
முழங்கால் வலி என்று ஒரு பொய் சொல்லி
நான் மட்டும் சேன் போல் ஏரிக்கு வந்தேன்.
ரீயூனியனில் எனக்கு இது கடைசி நாள்.
பொதுப்பணித்துறையில் முப்பத்தொரு வருஷம்;
தண்ணீரைக் கண்டால் முதலில் கரையை அளக்கிற கண்.

பழைய ஆலைக் கால்வாய்
இன்னும் ஓடுகிறது, கசிவில்லாமல்.
கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே
நகத்தை விட்டுப் பார்த்தேன், நுழையவில்லை.
கட்டச் சொன்னவர் பெயர் பலகையில் இருக்கிறது.
கட்டியவர் பெயர் இல்லை.
எங்கள் ஊர்க் கல்வெட்டும் அப்படித்தான்.

பாப்பிரஸ் புதர்களுக்குள் படகைச் செலுத்தினாள்
காப்பகத்தின் காவலர்.
சட்டையில் தைத்த பெயர்: ஃப்ளோரெல் வயாபூரி.
இரண்டாம் தரம் எழுத்துக்கூட்டும்போதுதான்
அது வையாபுரி ஆனது.

அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குப் பிரெஞ்சு.
முறிந்த ஆங்கிலத்தில்
ஆழம், மீன், மழை என்று பேசிக்கொண்டு போனோம்.
மாய்தோ மலைமேல் மேகம் இறங்கத் தொடங்கியிருந்தது.

சட்டென்று குனிந்து
வேரோடு ஒரு கொத்தை இழுத்தாள்.
ஊதாப் பூ. காற்றடைத்த தண்டு.
"இது எங்கள் ஏரியைத் தின்கிறது.
உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர்?"

ஆகாயத்தாமரை என்றேன்.
ஆகாயத்தில் பூக்கிற தாமரை.
இல்லாத பொருளுக்கு நாங்கள் சொல்லும் உவமை:
முயற்கொம்பு, ஆமைமயிர், ஆகாயத்தாமரை.

அவள் சிரித்த சிரிப்பில்
தாழைக்கோழி ஒன்று தண்ணீரை உதைத்து ஓடியது.
"போன வாரம் மட்டும்
இல்லாத பொருளை நாற்பது வண்டி அள்ளினோம்."

நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.
பழனி மலையடியில் ஒரு குளம் இருக்கிறது,
அதற்கு உன் பெயர்தான் என்றேன்.
நான் உதவிப் பொறியாளனாய்ச் சேர்ந்து
முதல் கையெழுத்துப் போட்டது அந்தக் குளத்துக்கு.

பூர்வீகம் கேட்பாள், கோயில் கேட்பாள் என்றிருந்தேன்.
துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு
"தண்ணீர் எப்படி?" என்றாள்.

அவள் கையில் சொட்டிக்கொண்டிருந்த கொத்தைக் காட்டினேன்.
கரைக்குக் கரை அதுதான்.
வருஷா வருஷம் டெண்டர் விட்டோம்.
வருஷா வருஷம் பில் பாஸானது.
பூ மட்டும்
ஒரு வருஷமும் தவறவில்லை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
பலகைக்கு அடியில் துழாவி
இன்னொரு ஜோடி ரப்பர் கையுறையை நீட்டினாள்.
இடுப்பளவு தண்ணீர் என்று
தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள்.

முழங்கால் வலியை
இனி யாரிடம் சொல்வது என்று யோசித்தபடி
மாட்டிக்கொண்டேன். கொஞ்சம் பெரிது.