திரும்பாத இருபது பைட்

ஏற்காட்டுப் பாதையில் பதினாலாவது கொண்டை ஊசி.
மூடுபனி விளக்கு மூன்றாவது ஞாயிறாக
நடுப்பகலில் செத்துக் கிடந்தது.
அடிவாரத்திலிருந்து தவுலத் போனில் சொன்னாள்:
"மல்லாக் மறுபடி மல்லாந்துடுச்சு."

ஏறுகிற ஒவ்வொரு வண்டிக்கும் இருபது பைட்.
வந்த நேரம், வேகம், பக்கம்.
அவ்வளவுதான் ஒரு வண்டி.
அடுத்த வளைவைத் தாண்டியதும் விட்டுவிடலாம்.
இதற்குப் போய்ப் பொதுக் கிடங்கில் கையேந்தினால்
இருபதுக்கு எட்டு பைட் தலைவரி.
அதுவும் போகட்டும்.
புல்லட்டும் பஸ்ஸும் வேனும்
வாங்கித் திருப்பி, வாங்கித் திருப்பி,
சாயங்காலத்துக்குள் நினைவகம்
குச்சிக்கிழங்கு பிடுங்கிய காடு:
எங்கும் குழி,
ஒரு கட்டில் போடச் சமதரை இல்லை.

பாறைமேல் லேப்டாப். விசைகளில் ஈரம்.
ஒரே துண்டாக வளைத்துப் போட்டேன்
அறுபத்துநாலு அறைக்கு இடம்.
எல்லாம் ஒரே அளவு. பதிவேடு கிடையாது.
காலி அறைக்குள்ளேயே
அடுத்த காலி அறையின் முகவரியை எழுதினேன்.
ஆள் வந்தால் அந்த எழுத்தின் மேலேயே படுத்துக்கொள்ளட்டும்,
போனபின் மறுபடி எழுதிக்கொள்ளலாம்.
வெறுமை இத்தனை உபயோகப்படும் என்று
ஐந்து ரோட்டில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தபோது
எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஐந்தரைக்கு விளக்கு எரிந்தது.
எட்டரைக்குக் கடைசி பஸ்ஸும் போனது.
எண்ணிப் பார்த்தேன்: அறுபத்துமூன்று காலி.

மூன்று முறை படித்தேன்.
வாங்குவது ஓரிடம், விடுவது ஓரிடம்.
கசிய வழியே இல்லை.
"ரீசெட் பண்ணிட்டு இறங்கு, பனி ஏறுது" என்றாள் தவுலத்.

பொத்தான்மேல் கட்டைவிரல்.
அழுத்தாமல், அந்த ஒற்றை அறையைத் திறந்தேன்.
ஆறு பன்னிரண்டு. மேலே போகும் பக்கம்.
வேகம் பதினொன்று.

டார்ச்சோடு நடந்தேன்.
சில்வர் ஓக் மரத்தடியில், செயின் அறுந்த மொபெட்,
செவ்வாய்ப்பேட்டையில் காயில் கட்டிய
பம்பு மோட்டாரைக் கேரியரில் சுமந்தபடி.
பக்கத்தில் குந்தியிருந்தவர் பெயர் கரியராமன்.
"கைகாட்டிக் கைகாட்டி ஓஞ்சுட்டேன்,
ஒருத்தனும் நிறுத்தலீங்க."

இருவருமாகத் தள்ளினோம்.
மோட்டார் நாங்கள் நினைத்ததைவிடக் கனம்.
பதினைந்தாவது வளைவில்
கம்பத்துப் பச்சை ஒரு தரம் சிமிட்டியது.

"அது எதுக்குங்க?"
"உங்களை எழுதி வெச்சிருந்த இடம் இப்ப காலிங்க."
மூச்சு வாங்கியபடி கம்பத்தை ஒருமுறை பார்த்தார்.
"இனி அங்க யாரு?"

கடைசியாகக் காலியான அறைதான்
முதலில் போகும்.
கீழே எங்கோ ஒரு லாரி
கியர் மாற்றிக்கொண்டிருந்தது.